கெட்ட செய்தி மேசைக்கு வரும் வழி

ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. நேற்றுவரை கணக்கெழுதியவர், புரோகிராம் எழுதியவர், இயந்திரத்தின் முன் நின்றவர் இன்று பத்துப் பேருக்குப் பொறுப்பாளர். புதிய இருக்கை, புதிய டார்கெட், விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அதிகாரம் எல்லாம் வந்துவிடுகின்றன. அந்தப் பத்துப் பேரை எப்படி நடத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே பெரும்பாலோர் தம் பழைய அதிகாரியிடம் எதைப் பார்த்தார்களோ அதையே செய்கிறார்கள். மெமோ வாங்கியவர் மெமோ கொடுக்கிறார். நாளடைவில் 'அவர் சுபாவம் அப்படி' என்று ஊழியர்களும் பழகிவிடுகிறார்கள். இந்தச் சமாதானத்தை நாம் ஏற்கக் கூடாது. தலைமை தாங்கும் முறையை யோசித்துத் தீர்மானிக்கலாம், பழகிக்கொள்ளலாம். அப்படித் தீர்மானிக்க முனைபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கீழே வேலை செய்பவர் கெட்ட செய்தியோடு வந்து நிற்கும்போது நான் என்ன செய்வேன்?

சுபாவம் என்ற வாதத்துக்கு எதிரான பழைய சான்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1939-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதையொட்டிய சிறுவர் குழுக்களைப் பெரியவர்கள் வெவ்வேறு முறைகளில் நடத்தினார்கள். ஒரு முறையில் எல்லாமே உத்தரவு. இன்னொன்றில் சேர்ந்து பேசி முடிவெடுப்பது. உத்தரவுக் குழுவில் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை தளர்ந்தது. பேசி முடிவெடுத்த குழுவில் அது தொடர்ந்தது. சிறுவர் குழுவில் கண்டதை அலுவலகத்துக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் அந்த ஆய்வில் தலைவர்கள் சுழற்சியில் மாறினார்கள். ஒரே மனிதர் பயிற்சி பெற்று இரண்டு முறைகளிலும் நடந்துகாட்டினார். ஆள் மாறாமல் முறை மாறியது, அதோடு குழுவும் மாறியது. எனக்கு இந்தச் சான்றில் முக்கியமாகப் படுவது அதுதான்.

கெட்ட செய்தியை எதிர்கொள்ளும் முறைக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்களைச் சந்தித்தவரோ இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, குழுவின் திறமையில் நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளர் சந்திப்பைக் கலாமையே நடத்தச் சொன்னார். கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. தவானின் பெருந்தன்மைக்கு அடையாளமாகவே நாம் அதைச் சொல்லிவருகிறோம். முதல் நாள் மட்டும் நடந்திருந்தால் அப்படிச் சொல்லிவிடலாம். இரண்டு நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி தெரிகிறது: பழி மேலே போகும், புகழ் கீழே வரும். இடையில் இருந்த பதினோரு மாதங்களில் கோளாறு எங்கே என்று தேடியவர்கள், தலைக்கு எந்த நேரம் கத்தி வருமோ என்ற அச்சத்தில் அந்தத் தேடலைச் செய்திருந்தால் அது எவ்வளவு நேர்மையாக நடந்திருக்கும்?

இதே விதியை ஒரு பெரிய நிறுவனத்தின் அன்றாட நடைமுறையாகவே ஆக்கியவர் பால் ஓ'நீல். 1987-இல் அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். முதலீட்டாளர்களுடனான தொடக்கக் கூட்டத்தில் லாபத்தைப் பற்றி எதிர்பார்த்து வந்தவர்களிடம் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். உருக்கிய உலோகத்தோடு வேலை செய்யும் இடம் அது. எந்த ஆலையில் யாருக்குக் காயம் பட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும், அது மீண்டும் நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதித்தார். பிரிவுத் தலைவருக்கு 24 மணி நேரத்தில் தெரிய வேண்டுமானால் ஆலை மேலாளருக்கு அதற்கு முன்பே, ஷிப்ட் சூப்பர்வைசருக்கு உடனேயே தெரிந்தாக வேண்டும். காயத்தை முன்னிட்டுத் திறந்த இந்த வழியில் பழுது, விரயம், யோசனை எல்லாமே மேலே வரத் தொடங்கின. அவர் பொறுப்பேற்ற சில மாதங்களில் அரிசோனா ஆலையில் ஓர் இளம் தொழிலாளி இறந்தபோது, அந்தச் சாவுக்குத் தன் தலைமையின் தோல்வியே காரணம் என்று அதிகாரிகள் முன் சொன்னார். காயத்தால் இழந்த வேலைநாள் விகிதம் அவர் காலத்தில் 100 தொழிலாளர்களுக்கு 1.86-லிருந்து 0.2 ஆகக் குறைந்தது. நிறுவனத்தின் லாபமும் பல மடங்கு உயர்ந்தது. உலோகச் சந்தையின் போக்குக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் லாபம் முழுவதையும் இந்த விதியின் கணக்கில் நான் எழுதமாட்டேன். உயிர்கள் காப்பாற்றப்பட்டன; அந்த விதி சரி என்று சொல்ல அதுவே போதும்.

திட்டமிட்டு நடந்துகொள்வது நடிப்பாகாதா என்று கேட்பார்கள். கோபத்தை அடக்கிக்கொண்டு கேள்வி கேட்பவர் நேர்மையற்றவர் என்றால், வெறுப்பு தோன்றும்போதும் நோயாளியிடம் பொறுமையாகப் பேசும் செவிலியரையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊழியருக்கு அதிகாரியின் உள்மனம் தெரியவேண்டியதில்லை. நாளைக்கு அவர் எப்படி நடந்துகொள்வார் என்று நம்பத் தெரிந்தால் போதும். பயம் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற வாதம் இதைவிட வலுவானது, நம் அலுவலகங்களில் செல்வாக்கும் உள்ளது. அதற்கும் ஓ'நீலிடமே பதில் இருக்கிறது. மெக்சிகோ ஆலையொன்றில் நச்சுவாயுவால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டது தலைமைக்கு முறையாக வந்துசேரவில்லை என்று தெரிந்ததும், 1996-இல் மூத்த அதிகாரி ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கினார். வியாபாரத்தைப் பெருக்கித் தந்தவர் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. தவறைச் சொன்னவருக்குப் பாதுகாப்பு, மறைத்தவருக்குத் தண்டனை. கண்டிப்பு அங்கே இருந்தது. அது விழ வேண்டிய இடத்தை யோசித்து வைத்திருந்தார்கள்.

தவறைச் சொல்ல விட்டால் தவறுகளின் எண்ணிக்கை கூடிவிடாதா? கூடும், காகிதத்தில். 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அவற்றுக்குத்தான் பிழைகள் அதிகம் இருந்தன. அந்தக் குழுக்கள் பிழைகளை மறைக்காமல் பேசின என்பதே காரணம் என்பதை மேலும் ஆராய்ந்து கண்டார். சுத்தமான அறிக்கையைப் பார்த்து மகிழும் அதிகாரி உண்மையில் எதைப் பாராட்டுகிறார் என்பதை இது கேட்க வைக்கிறது.

இதெல்லாம் இஸ்ரோ தலைவருக்கும் அல்கோவா தலைவருக்கும் சரி, மேலேயிருந்து இடி விழும் இடைநிலை மேலாளர் என்ன செய்வார் என்பது எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. நிறுவனத்தின் வழக்கத்தை அவரால் மாற்ற முடியாது. வாராந்திர மீட்டிங்கில் முதல் கேள்வியை 'யார் செய்தது' என்று தொடங்குவதா, 'எப்படி நேர்ந்தது' என்று தொடங்குவதா என்பது அவர் கையில் இருக்கிறது. கெடு தவறும்போது மேலதிகாரியின் அறைக்குத் தான் போவதா, இளையவரை அனுப்புவதா என்பதும் அப்படியே. ஆனால் அவரை மட்டும் திருத்தி நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. பதவி உயர்வு நேர்காணலில் எட்டிய டார்கெட்டுகளைக் கேட்கிறார்கள். உங்கள் குழுவில் கடைசியாக நடந்த பெரிய தவறு என்ன, அது நடந்து எத்தனை நாள் கழித்து உங்களுக்குத் தெரிந்தது, யார் வந்து சொன்னார், சொன்னவர் இப்போது என்ன வேலையில் இருக்கிறார் என்றும் நிர்வாகம் கேட்க வேண்டும்.