பூட்டின பைலும் வெளியில கிடக்கிற பிரதியும்

ஒருத்தர் தனக்கு நடந்ததை எங்களை நம்பிச் சொல்லுறார் எண்டு வையுங்கோ. அதை லப்டொப்பில எழுதி, ஜிபிஜியால பூட்டி வைக்கிறம். இனி எவராலும் வாசிக்கேலாது எண்டு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி பாதிதான் சரி எண்டுறது எங்கட கருத்து.

ஜிபிஜியின் முதல் முழுப் பதிப்பு 1999இல் வந்தது. அதன் குறியாக்கத்தை உடைப்பது இன்றைக்கும் லேசான காரியமில்லை. ஓட்டை இருப்பது பூட்டில் இல்லை, நாங்கள் எழுதுற எடிட்டரில். எழுதினது ஒண்டும் தொலையக் கூடாது எண்டுதான் எடிட்டரைச் செய்திருக்கினம். இரகசியத்துக்கோ ஒரு தடயமும் மிஞ்சக் கூடாது. இந்த இரண்டும் இயல்பாகவே ஒத்துப்போகாது.

விம் எடிட்டரைப் பாருங்கோ. 200 எழுத்து தட்டினால், அல்லது 4 வினாடி கையெடுத்திருந்தால், எழுதினதை ஸ்வொப் பைலில் போட்டுவிடும். கரண்ட் போனால் மீட்டெடுக்கத்தான் அது. ஆனால் அதே கரண்ட் கட்டுக்குப் பிறகு, பூட்டாத எழுத்து டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். வெட்டி ஒட்டின வரிகளை விம்இன்போ என்ற பைல் நினைவில் வைத்திருக்கும், வழமையாக ஒரு துண்டுக்கு 50 வரி வரை. அன்டூ பைலையும் போட்டு வைத்திருந்தால், அழித்த பெயரும் அதற்குள் இருக்கும்.

விம்முக்குள் இருந்தே ஜிபிஜியை வடிகட்டியாக ஓட்டிப் பூட்டைத் திறக்கிற பழக்கம் கனபேருக்கு இருக்கு. வழமையான அமைப்பில் விம் இதற்குத் தற்காலிகப் பைல்களைப் பாவிக்கும். திறந்த எழுத்து அதன் வழியாகத்தான் வரும். விம்மின் சொந்தப் பூட்டையும் நம்ப வேண்டாம். அதன் பழைய இரண்டு முறைகளும் பலவீனமானவை எண்டு விம்மின் உதவிப் பக்கமே சொல்லுது. நியோவிம் அந்த வசதியையே தூக்கிவிட்டது.

இப்ப இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கு. அடுத்த வரியைத் தானே எழுதித் தாற ஏஐ பிளகின்கள் பல, நீங்கள் தட்டத் தட்ட எழுத்தை வெளிச் சேர்வருக்கு அனுப்புது. பூட்டுறது சேவ் பண்ணேக்கதான். அதுக்கு முதலே எழுத்து வெளியில போயிடும்.

சரி, என்ன செய்யலாம்? விம் எண்டால் விம்-ஜிஎன்யுபிஜி பிளகினைப் போடுங்கோ. ஜிபிஜி பைலைத் திறக்கேக்க ஸ்வொப், விம்இன்போ, அன்டூ மூன்றையும் அதுவே நிறுத்தும். ஈமாக்ஸில் 23ஆம் பதிப்பிலிருந்து ஈஸிபிஜி கூடவே வருது. அந்தப் பைல்களுக்குத் தானியங்கிச் சேமிப்பையும் அது நிறுத்திவிடும். ஏஐ பிளகின் இல்லாத எடிட்டரை இந்த வேலைக்கெண்டு தனியாக வையுங்கோ. எல்லாத்துக்கும் மேலாக முழு டிஸ்க்கையும் பூட்டுங்கோ. அழித்த பைலும் டிஸ்க்கில் கொஞ்சக் காலம் மிஞ்சும் எண்டதால, லப்டொப் களவு போனாலும் திருத்தக் குடுத்தாலும் கடைசிக் காவல் அதுதான். ஆனால் கணினி திறந்திருக்கேக்க அது காவலில்லை.

"எங்களிட்ட மறைக்க என்ன இருக்கு?" எண்டு கேக்கிறவை இருக்கினம். எங்களிட்ட இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பைலில் இருக்கிறது எங்கட கதை இல்லையே. அடுத்தவரின் பெயரை வாங்கி எழுதுறவைக்கு, அது எங்கெங்க பிரதியாகுது எண்டு தெரிஞ்சு வைக்கிற கடமையும் இருக்கு.