பலாலி: பெயர் சர்வதேசம், ஓடுபாதை 1,400 மீற்றர்

பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபர் 17 அன்று 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயருடன் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் ஒரு விமான நிலையத்தின் எல்லை எதுவென்று தீர்மானிப்பது அதன் ஓடுபாதைதான்.

பலாலி ஓடுபாதையின் நீளம் 1,400 மீற்றர். கட்டுநாயக்கவில் அது 3,350, மத்தளவில் 3,500. ஏ320 போன்ற விமானம் நிறைந்த சுமையுடன் கிளம்புவதற்கு இரண்டு கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். அதனாற்றான் எழுபது பேரளவில் ஏற்றக்கூடிய ஏடிஆர் 72 ரக விமானங்கள் சென்னைக்கும் திருச்சிக்கும் பறப்பதுடன் பலாலியின் சர்வதேசம் முடிந்துவிடுகிறது. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருபவர் பெரும்பாலும் கட்டுநாயக்கவில் இறங்கி, இரவிரவாக ஏ9 வீதியால் ஊருக்கு வருகிறார்.

கட்டுநாயக்கவைப் போலவே பலாலியும் இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படைக்காக அமைக்கப்பட்டது. எயார் சிலோனின் முதற் சேவை, 1947 டிசெம்பர் 10 அன்று, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே மதராஸ் சென்றது. அந்தக் காங்கேசன்துறை என்பது இந்தப் பலாலிதான். ஆகவே 2019இல் கிடைத்ததைப் புதிய சலுகை என்று நான் கொள்ளவில்லை. போர் பறித்ததில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது.

அதுவும் நிலைத்திருக்கவில்லை. 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் தொடங்கிய சென்னைச் சேவை, நான்கே மாதங்களில் கொரோனாவால் நின்றது. மீண்டும் தொடங்கியது 2022 டிசெம்பரில். 2024 செப்ரெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. பயணிகள் இல்லாத மத்தளவுக்கு 2013இலேயே மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதை கிடைத்தது. பயணிகள் உள்ள பலாலி இன்னும் காத்திருக்கிறது.

ஓடுபாதை நீள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் யாருடைய காணியில்? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் ஊர்களே உயர்பாதுகாப்பு வலயமாகின. போர் முடிந்த பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டாலும், எல்லாம் திரும்பவில்லை. எஞ்சியவை 'அபிவிருத்தி' என்ற பெயரில் நிரந்தரமாகப் பறிபோனால், விமான நிலையம் அந்த மக்களுக்கு இரண்டாவது இடப்பெயர்வாகிவிடும்.

எனவே முதலில் வரைபடம் வெளிவர வேண்டும்: விமான நிலையத்துக்குத் தேவையான நிலம் எவ்வளவு, படைத்தரப்பு வைத்திருக்கும் நிலம் எவ்வளவு, உரிமையாளருக்குத் திரும்பக் கூடியது எவ்வளவு? எடுக்கும் காணிக்கு உரிய இழப்பீடும், எடுக்காத காணிக்கு விடுவிப்புத் திகதியும் எழுத்தில் வேண்டும். ஓடுபாதை அதன் பிறகு நீளட்டும்.