நல்லெண்ணம் மட்டும் போதுமா?

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் செல்லப்பட்டான். காய்ச்சலுக்காக அன்று, காயத்துக்காகவும் அன்று. ஓட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் வழங்கும் வளர்ச்சிக் குறைபாடு அவனுக்கு இருந்தது. உடம்பிலுள்ள பார உலோகங்களை வெளியேற்றினால் அக்குறைபாடு நீங்கும் என்ற கொள்கையின்படி அவனுடைய நாளத்தினுள் மருந்து ஏற்றப்பட்டது. அம்மருந்து இரத்தத்திலிருந்த கல்சியத்தைப் பற்றிக்கொண்டது. கல்சியம் போதாதவிடத்து இருதயம் இயங்காது. சிறுவனின் இருதயம் நின்றது, அவன் பிழைக்கவில்லை.

அப்பிள்ளைக்குத் தீங்கு நேரவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. நலம் நாடியே அவனை அழைத்துச் சென்றார்கள். அன்பு வழிகாட்டிச் சென்ற இடத்திலே பிள்ளை மாண்டது என்பதே நம்மை நடுங்கச் செய்கின்றது. பெற்றோரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. பெற்றோரின் துயரை மூலதனமாக்கி நடைபெறும் வாணிகத்தைக் கூண்டில் ஏற்றுவதற்காகவே எழுதுகின்றோம்.

ஓட்டிசத்தை 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்திய அறிஞர் முதன்முதலில் விரிவாக விவரித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் அதற்குக் காரணம் தாயின் அன்பின்மையே என்று பெரிய பட்டங்கள் தாங்கியோர் கூறினர். 1967இல் வெளிவந்த புரூனோ பெற்றல்ஹைமின் நூல் அப்பழியை உலகெங்கும் பரப்பிற்று. எத்தனை தாய்மார் தம்மைத் தாமே நொந்துகொண்டு கண்ணீர் வடித்திருப்பர்! 1977இல் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு, பரம்பரையின் பங்கு பெரிது என்று காட்டியது. மூளையின் வளர்ச்சியிலே, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே, அமைந்துவிடும் வேறுபாடு இது என்பதே இன்றைய வைத்திய உலகின் முடிபு. இதனை அடியோடு மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. பேச்சுப் பயிற்சியும், பொறுமையான கல்வியும், வீட்டாரின் அரவணைப்புமே பயன் தருகின்றன. இவை மெல்லப் பலன் தருவன. ஆதலின் விரைந்த பலன் தருவதாகச் சொல்பவனுக்குச் சந்தை உண்டாகின்றது.

சட்டத்துறையைச் சேர்ந்த நாம் வெட்கித் தலைகுனிய வேண்டிய ஒரு கதையும் இதில் உண்டு. 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில், லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் அன்ட்ரூ வேக்பீல்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பன்னிரண்டே பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு அது. சின்னமுத்து, கூகைக்கட்டு, றுபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பிற்று. பின்னர் வெளிவந்த உண்மை யாது? தடுப்பூசிக் கம்பனிகளுக்கு எதிராக வழக்குத் தொடுக்க ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த ஒரு சட்டத்தரணி அவரை முன்னரே அமர்த்தியிருந்தார். பொதுமக்களின் சட்ட உதவிப் பணத்திலிருந்து அவருக்குச் சென்ற தொகை, செலவினம் நீங்கலாக, 435,643 பவுண். சுதந்திரமான சாட்சி என்று உலகம் நம்பியவர் கூலி பெற்ற சாட்சியாக இருந்தார். 2010 பெப்ரவரியில் அக்கட்டுரையைச் சஞ்சிகை மீளப்பெற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் அவருடைய பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. தம் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த சிறுவருக்கு ஐந்து பவுண் வீதம் கொடுத்து இரத்தம் எடுத்தார் என்பதும் அவ்விசாரணையில் நிரூபணமான குற்றங்களுள் ஒன்று.

கட்டுரை இறந்தது, அது விதைத்த அச்சமோ இறக்கவில்லை. இங்கிலாந்தில் அத்தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் தொகை 2003-04இல் நூற்றுக்கு 80 வரை வீழ்ந்தது. சின்னமுத்து மீண்டும் தலையெடுத்தது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2019இல் வெளியிட்ட ஆய்விலோ தடுப்பூசியால் ஓட்டிசம் கூடியதற்கு எவ்வித சான்றும் காணப்படவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளைக் கண்டு பதறிய உலகம், ஆறரை இலட்சம் பிள்ளைகளைக் கண்டும் தெளியவில்லை. 'தடுப்பூசியில் நஞ்சு இருந்தது' என்று முதலில் நம்பச் செய்தவர்களின் பின்னாலேயே, 'அந்நஞ்சை நாம் இறக்குகின்றோம்' என்போரும் வந்தனர். பென்சில்வேனியாச் சிறுவனைப் போன்றோரின் நாளங்களில் ஏற்றப்பட்ட மருந்துக்கு வழி திறந்ததில் இத்தகைய அச்சத்துக்கும் பங்கு உண்டு.

'என் பிள்ளைக்குக் குணம் கண்டதே!' என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் அவர்கள் கண்டதற்குக் காரணம் மருந்துதானா? இதற்கு விடை காணும் முறையை நமது கமக்காரர் நன்கறிவர். புதிய உரமொன்று வந்தால், அனுபவசாலியான கமக்காரன் முழு வயலிலும் அதனை விசிறமாட்டான். ஒரு பாத்திக்கு இடுவான். பக்கத்துப் பாத்தியை இடாது விடுவான். மழை நன்றாகப் பெய்த ஆண்டிலே உரம் இடாத பாத்தியும் செழித்து வளர்ந்திருக்குமாயின், விளைச்சலுக்குக் காரணம் மழையேயன்றி உரமன்று என்று கண்டுகொள்வான்.

செக்கிறற்றின் என்னும் சுரப்புநீருக்கு இதே சோதனை நடந்தது. 1998இல் அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதனை அற்புத மருந்தெனக் கொண்டாடின. 1999இல் ஆய்வாளர்கள் ஏறத்தாழ அறுபது பிள்ளைகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு அம்மருந்தையும் மறு கூறுக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றினர். இரு கூறினரும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம் காட்டினர். மருந்து பெற்றவர் உப்புநீர் பெற்றவரை விஞ்சவில்லை. பிள்ளைகள் வளர்கின்றார்கள், வளர்வதால் மாறுகின்றார்கள். நிலைமை மிக மோசமான நாளிலேதான் பெற்றோர் புதிய சிகிச்சையை நாடுகின்றனர். அதன் பின் சற்றுத் தணிவது இயல்பு. இவ்வளவையும் எடுத்துக்கூறிய பின்னரும் அவ்வாய்வில் பங்குபற்றிய பெற்றோருள் நூற்றுக்கு 69 பேர் அம்மருந்தில் தமக்கு இன்னும் நாட்டம் உண்டு என்றனர். இதனைக் கேட்டு நகைப்பவன் பிள்ளை பெறாதவனாகவே இருத்தல் வேண்டும். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து பறித்துவிட்டு, அவ்விடத்தை வெறுமையாக விட்டுச் செல்லல் ஆகாது.

உப்புநீராவது தீங்கு செய்யாது. புளோரிடாவிலே தந்தையும் மூன்று புதல்வரும் விற்றதோ குளோரின் டையொக்சைட்டு. நமது கிணறுகளுக்குச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இடுவதை நாம் அறிவோம். மிகச் சிறிய அளவில் நீரைத் துப்புரவாக்கும் அவ்வினத்து இரசாயனத்தை, துணி வெளுக்கும் வலிமையில், 'அற்புதத் திரவம்' என்று பெயரிட்டு ஓட்டிசம் முதல் புற்றுநோய் வரை அனைத்துக்கும் மருந்தென விற்றனர். சட்டத்துக்குத் தப்புவதற்காகத் தம்மை ஒரு திருச்சபை என்று கூறிக்கொண்டனர். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2010இலும் 2019இலும் அத்திரவத்தைக் குறித்து மக்களை எச்சரித்தது. பிள்ளைகளுக்கு அதனைப் பருக்கியோரும் உண்டு. குதவழியே செலுத்தியோரும் உண்டு. குடலின் உட்சவ்வு உரிந்து வெளிவந்தபோது, 'புழு வெளியேறுகின்றது. மருந்து வேலை செய்கின்றது' என்று பெற்றோரைத் தேற்றினர். 2023 ஜூலையில் நால்வரும் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். புதல்வர் இருவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனையும், தந்தைக்கும் மற்றைய புதல்வருக்கும் ஐந்து ஆண்டுகளும் விதிக்கப்பட்டன.

செக்கிறற்றின், உலோகம் நீக்கும் மருந்து, அழுத்தப்பட்ட பிராணவாயுக் கூடம் ஆகிய மூன்றையும் ஓட்டிசத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று பிரித்தானியாவின் வைத்திய வழிகாட்டி 2013இலேயே திட்டவட்டமாகக் கூறிற்று. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அத்தகைய பிராணவாயுக் கூடமொன்று வெடித்துத் தீப்பற்றியதில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எம்மவர் பலர் சிகிச்சை நாடிக் கடல் கடந்து செல்லும் இந்தியாவிலும், ஓட்டிசத்துக்கு உயிரணுச் சிகிச்சை என்ற பெயரில் நடப்பது சிபாரிசு செய்யத் தக்கதன்று என 2022 டிசெம்பரில் தேசிய வைத்திய ஆணைக்குழுவின் ஒழுக்க சபை அறிவித்தது.

'பிள்ளை எங்களுடையது, முடிவு செய்யும் உரிமையும் எங்களுடையதே' என்று சிலர் வாதிப்பர். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்துடன் செய்வதற்கு இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை பாதுகாப்பு அளிக்கின்றது. ஆயின் நல்லெண்ணம் என்றால் என்ன? தக்க அவதானமும் கவனமும் இன்றிச் செய்யப்பட்ட எதுவும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதாகக் கொள்ளப்படமாட்டாது என்று அதே கோவை வரைவிலக்கணம் கூறுகின்றது. 1883ஆம் ஆண்டிலே எழுதப்பட்ட இவ்வசனம் இன்றும் நமக்குப் போதிய வழிகாட்டியாகும். அன்பு உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது; ஆராய்வும் உடன் இருத்தல் வேண்டும். சாதாரண கமக்காரனிடமும் ஆசிரியனிடமும் சட்டம் இவ்வளவு எதிர்பார்க்குமாயின், கற்றறிந்து, கட்டணம் பெற்று, மருந்தேற்றும் ஒருவரிடம் எவ்வளவு எதிர்பார்க்க வேண்டும்? நிரூபிக்கும் பாரம் விற்பவன் மேலேயே உள்ளது. 'பயனில்லை என்று நீ நிரூபி' என்று பெற்றோரை நோக்கிக் கூறும் எவனும் நீதியின் முதற்பாடத்தையே தலைகீழாக்குகின்றான்.

இவ்வழக்கிலே உடலை இழப்பவன் பேச முடியாதவன் என்பதையும் மறவாதிருப்போமாக. வலிக்கின்றது என்று சொல்ல மொழி வாய்க்காத பிள்ளை அலறினால், அது குறைபாட்டின் குணம் என்றே கொள்ளப்படுகின்றது. சாட்சி சொல்ல முடியாதவனின் சார்பிலே பேசுவதுதான் சட்டத்தின் கடமை; சமுதாயத்தின் கடமையும் அதுவே.

நமது நாட்டிலும் இக்குறைபாடு அரிதானதன்று. நகரை அண்டிய பகுதியொன்றிலே பதினெட்டு மாதம் முதல் இருபத்துநான்கு மாதம் வரையான குழந்தைகளிடையே நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. வலது குறைந்தோர் உரிமைகளைக் காப்பதற்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் பொருத்தனையையும் 2016இல் அரசு ஏற்று உறுதி செய்தது. ஏட்டிலே உரிமை உண்டு. வீட்டு வாசலிலே அது எங்கே? பேச்சுப் பயிற்சி என்பது பிள்ளையின் தாய்மொழியிலே நடைபெற வேண்டிய ஒன்று. அம்மா என்ற சொல்லைத் தமிழிலே கேட்டு வளரும் பிள்ளைக்கு, தமிழ் தெரியாத பயிற்சியாளர் எங்ஙனம் பேச்சுச் சொல்லிக் கொடுப்பார்? வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழில் பணியாற்றும் பயிற்சியாளரை வேண்டிய தொகையில் பயிற்றி நியமிப்பது சலுகையன்று, உரிமை. அரசு வெறுமையாக விட்ட இடத்திலேதான் பொய் மருந்து விற்பவன் கடை விரிக்கின்றான்.

வைத்தியர்களே, குறைபாட்டின் பெயரை மட்டும் சொல்லிப் பெற்றோரை வெறுங்கையுடன் அனுப்பாதீர்கள். அடுத்து எங்கே செல்வது, யாரைக் காண்பது என்பதையும் சொல்லுங்கள். சட்டத்தரணிகளே, பாதிக்கப்பட்ட பிள்ளையின் வழக்கைக் கட்டணம் பாராது ஏற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, இப்பிள்ளைகளுக்கு வகுப்பில் ஓர் இடம் கொடுங்கள்.

பெற்றோரே, எவராவது குணப்படுத்துவதாகச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மருந்து பெற்ற பிள்ளைகளையும் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தது யார்? இதனால் நேரக்கூடிய தீங்கு என்ன? இதனை விற்பதால் உமக்கு வரும் ஆதாயம் எவ்வளவு? நேர்மையான வைத்தியன் இம்மூன்றுக்கும் அமைதியாக விடை தருவான். கோபங்கொள்பவனை விட்டு எழுந்து, பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு வீடு திரும்புங்கள். நீங்கள் அன்று இழந்தது ஒன்றுமில்லை. காத்தது ஓர் உயிராகவும் இருக்கலாம்.