வாசலை மறிக்கும் விளம்பரங்கள்

ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் கடை நடத்தும் எந்த வணிகரும் தமது வாசலின் குறுக்கே அரிசி மூட்டைகளை அடுக்கி வைப்பதில்லை. வருபவர் தடையின்றி உள்ளே வரவேண்டும், வேண்டியதைக் கண்ணால் காணவேண்டும் என்பது வணிகத்தின் அரிச்சுவடி. ஆயின் எம்மவரிற் பலர் நடத்தும் இணையத்தளங்களில் இந்த அரிச்சுவடி மறக்கப்பட்டுவிட்டது. கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைத் திறந்தால், முதல் வரியைப் படிப்பதற்குள் காணி விற்பனை விளம்பரம் ஒன்று திரை முழுவதையும் மூடிக்கொள்கிறது. அதை மூடுவதற்கான பெருக்கற்குறி கடுகளவில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட முயன்ற விரல் விளம்பரத்தைத் தொட, வாசகர் தாம் கேளாத வேறொரு தளத்திற்கு இழுத்துச் செல்லப்படுகிறார்.

இதனை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. எமது மூத்தோர் ஊர்ச் செய்திகளையும் மரண அறிவித்தல்களையும் இன்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கின்றனர். மறைந்த உறவினரின் முகத்தைக் காண விழையும் ஒரு தாய்க்கு முன்னால் நகைக்கடை விளம்பரம் பாய்ந்து நிற்பது பண்பாகுமா?

இப்பழக்கத்தின் தோற்றுவாயும் அறியத்தக்கதே. 1990களின் பிற்பகுதியில் ரைப்பொட் என்னும் அமெரிக்க இணைய நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மன் என்பவரே இவ்வாறு தனிச் சாளரமாகத் திறக்கும் விளம்பரத்திற்கான நிரலை எழுதினார். பொருந்தாத பக்கமொன்றில் தம் பெயர் தோன்றுவதை விளம்பரதாரர் விரும்பாமையால், விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரிக்க அவர் கண்ட வழி அது. 2014 ஓகஸ்டில் ‘தி அற்லாண்டிக்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் அவர் இதற்காக மன்னிப்புக் கோரினார். ஆக்கியவரே வருந்திய ஒன்றை நாம் இன்னும் கட்டிக்காக்கிறோம்.

தளம் நடத்துவோர் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கைத்தொலைபேசியில் தேடல் முடிவிலிருந்து வரும் வாசகருக்கு உள்ளடக்கத்தை மறைத்து நிற்கும் பக்கங்கள் தேடல் வரிசையில் கீழிறங்க நேரலாம் என்று கூகிள் நிறுவனம் 2016 ஓகஸ்டில் அறிவித்தது. 2017 ஜனவரி 10 முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. பக்கத்தை மூடி எழும் விளம்பரம், பக்கத்திற்கு முன்னே தனித் திரையாக நிற்கும் விளம்பரம், முதல் திரை முழுவதையும் விளம்பரத்திற்கு ஒதுக்கிச் செய்தியைக் கீழே தள்ளும் அமைப்பு ஆகிய மூன்றும் குற்றமாகக் கொள்ளப்பட்டன. சட்டம் வேண்டுகின்ற அறிவித்தல்கள், வயதை உறுதிசெய்யும் கேள்விகள், எளிதில் மூடக்கூடிய சிறிய பட்டிகள் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2018 பெப்ரவரி 15 முதல், இத்தகைய தொல்லைகளைத் தொடரும் தளங்களின் விளம்பரங்களை கூகிளின் குரோம் உலாவி தடுக்கவும் தொடங்கியது.

இவ்விதியை மிகைப்படுத்திக் கொள்ளவும் கூடாது. வரிசையைத் தீர்மானிக்கும் நூற்றுக்கணக்கான அளவுகோல்களில் இது ஒன்று மட்டுமே. தேடுபவருக்கு உண்மையிற் பயன்தரும் பக்கம் இக்குறையோடும் மேலே நிற்கக்கூடும் என்று கூகிளே கூறியது. ஆயினும் ஒரே செய்தியைப் பத்துத் தளங்கள் வெளியிடும் எமது சூழலில், சிறு குறையும் ஒரு தளத்தைப் பின்னே தள்ளப் போதுமானது.

தீர்ப்புச் சொல்லும் கூகிள் மாசற்றதா என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குச் செல்லும் இடைவெளியில் முழுத்திரை விளம்பரம் காட்டும் வசதியை அந்நிறுவனமே விற்கிறது. குக்கி எனப்படும் கண்காணிப்புக் கோப்புகள் தொடர்பாக, பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னில் 2021 டிசம்பர் 31இல் 150 மில்லியன் யூரோவும், 2025 செப்டம்பரில் 325 மில்லியன் யூரோவும் கூகிளுக்குத் தண்டமாக விதித்தது. ஏற்பது எளிதாகவும் மறுப்பது கடினமாகவும் இருந்தமையே முதற் தண்டத்தின் காரணம். எனவே நீதிபதியின் கை தூயதன்று. ஆனாலும் வாசகரின் வழியை மறிக்காதே என்ற தீர்ப்பு சரியானதே.

விளம்பரமின்றித் தளம் நடத்துவது எங்ஙனம் என்று உரிமையாளர் கேட்பர். சந்தா செலுத்திப் படிக்கும் வழக்கம் எம்மிடையே குறைவு. அவர்களது இடர் மெய்யானது. ஆனால் விளம்பரமே வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. செய்திக்கு மேலும் கீழும் அடக்கமாக இடம்பெறும் விளம்பரத்தை வாசகர் பொறுத்துக்கொள்வர். தவறுதலாகத் தொட்டவரின் வருகை கடைக்காரருக்கு ஒரு வாடிக்கையாளரைத் தருவதில்லை, வெறுப்பையே தருகிறது. ஆகவே பணம் கொடுக்கும் எமது வணிகர்களே தமது விளம்பரம் எவ்வாறு காட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

அகதிக் குடும்பங்களைப் பொறுத்தவரை இதன் பாரதூரம் இன்னும் பெரிது. ஒப்ராவின் நிராகரிப்பு அறிவிக்கப்பட்டதிலிருந்து தேசியப் புகலிட நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய ஒரு மாதமே உண்டு. இலவச சட்ட உதவி கோருவதற்குப் பதினைந்து நாட்களே உண்டு. இக்காலக்கெடுவைக் கைத்தொலைபேசியில் தேடும் புதியவர் ஒருவரின் திரையில் ‘உடனடி உதவி’ என்ற பெட்டி எழுந்தால், அது அரசினுடையதா தரகருடையதா என்று அவர் எப்படி அறிவார்? இலவசமான பத்திரங்களுக்குப் பணம் அறவிடும் போலித் தளங்கள் குறித்து பிரெஞ்சு நிர்வாகமே எச்சரித்துள்ளது.

ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். அலுவலகக் கடிதத்தில் அச்சிடப்பட்டுள்ள முகவரியைத் தேடாமல் நேரடியாகவே எழுதித் திறவுங்கள். தேடல் முடிவில் ‘விளம்பரம்’ என்று குறிக்கப்பட்டவற்றைத் தவிருங்கள். இடையில் எழும் பெட்டியில் பெயரையோ, தொலைபேசி எண்ணையோ, வங்கி விபரத்தையோ எழுதாதீர்கள். குக்கி குறித்த கேள்விக்கு ‘து றெஃபுசே’ என்று மறுப்பது உங்கள் உரிமை. ஏற்பதைப் போலவே மறுப்பதும் எளிதாயிருக்க வேண்டும் என்பதே க்னிலின் நிலைப்பாடு. மூத்தோரின் தொலைபேசியில் இவற்றைப் பொறுமையோடு காட்டிக்கொடுப்பது இளையோரின் கடன்.

தமிழ்த் தளங்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். சிதறி வாழும் எமது மக்களுக்கு உங்கள் பக்கங்களே முற்றமும் திண்ணையும். மரண அறிவித்தல்களிலும் அகதிகளுக்கான தகவற் பக்கங்களிலுமாவது மறிக்கும் விளம்பரங்களை இன்றே அகற்றுங்கள். கூகிளின் வரிசைக்கு அஞ்சி அல்ல, உங்களை நம்பி வரும் வாசகரை மதித்து அதைச் செய்யுங்கள்.