கம்ப்யூட்டர் எண்ணினால் சரியாகத்தான் இருக்குமா?

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாப்ட்வேர் எஞ்சினியரான நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், என்னால் ஒரு குடும்பத்தின் பணம் முடங்கும் வரை.

கிராஃப் டேட்டாபேஸ் என்று ஒரு வகை உண்டு. எக்செல் போல வரிசையும் கட்டமும் இதில் இல்லை. ஆள், போன் எண், முகவரி எல்லாம் தனித்தனிப் புள்ளிகள். இவற்றுக்கு நோடு என்று பெயர். எந்த ஆளுக்கு எந்த போன், எந்த முகவரி என்பதைக் கோடுகள் இணைக்கும். நியோ4ஜே இவ்வகையில் பிரபலமானது. அதனிடம் கேள்வி கேட்கும் மொழியின் பெயர் சைஃபர். கேட்கும் கேள்விதான் குவெரி.

நான் வேலை பார்த்த இடத்தில் மோசடிக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ஒரு குவெரி எழுதினேன். ஒருவருடைய போன் எண்ணையோ முகவரியையோ வைத்திருக்கும் மற்றவர்கள் எத்தனை பேர்? 5 பேருக்கு மேல் போனால் கணக்கு நிறுத்தப்படும்.

அப்பா, அம்மா, 2 பிள்ளைகள் உள்ள ஒரு வீடு. நால்வருக்கும் ஒரே போன், ஒரே முகவரி. அப்பாவைத் தவிர மற்றவர்கள் 3 பேர்தான். என் குவெரி சொன்னதோ 6! போன் வழியாக 3, முகவரி வழியாக 3. கவுண்ட் என்ற கட்டளை ஆட்களை எண்ணவில்லை, அவர்களை அடையும் வழிகளை எண்ணிவிட்டது. கணக்கு நின்றது. "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் சார்" என்று அவர் போன் செய்த பிறகுதான் கவனித்தோம். கவுண்டின் அடைப்புக்குறிக்குள் டிஸ்டிங்க்ட் என்ற ஒரே சொல்லைச் சேர்த்தேன். 3 என்று சரியாக வந்தது.

கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது. தப்பாகக் கேட்டவன் நான். விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சின்ன உதாரணத்தில் சரிபார்க்காத குவெரியை வைத்து யார் கணக்கிலும் கை வைக்கக்கூடாது என்பது என் கருத்து.

இது உங்களுக்கும் பொருந்தும். செல்போனில் 400 கான்டாக்ட் இருந்தால் 400 பேர் என்று அர்த்தமில்லை. சிம்மில் ஒருமுறை, ஈமெயில் கணக்கில் ஒருமுறை என்று ஒரே ஆள் இரண்டு தடவை இருக்கலாம். திரையில் ஓர் எண் வந்ததும் நம்பிவிடாதீர்கள். "எதை எண்ணினாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.