பழகிய உடம்பும் மலேரியாவும்

"மலேரியா வந்து பழகிப்போன உடம்பு, இனி ஒண்ணும் செய்யாது" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. இதில் பாதிதான் உண்மை.

கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி ஈரலுக்குப் போய்ப் பெருகி, பிறகு ரத்தத்தில் இறங்குகிறது. உடம்பும் சும்மா இருப்பதில்லை. வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. கிருமி புகுந்த சிவப்பு அணுக்களை மண்ணீரல் வடிகட்டுகிறது. பலமுறை காய்ச்சல் கண்டவருக்கு இந்த எதிர்ப்புச் சக்தி ஓரளவு கூடும். ஆனால் அது முழுக் காவல் அல்ல. பல ஆண்டுகள் காய்ச்சல் வராதிருந்தால் அதுவும் தேய்ந்துபோகும். நம் பிள்ளைகளுக்கோ அந்தப் பழக்கமே கிடையாது.

மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மலேரியா 2018இல் மலேசியாவுக்குள் பரவவில்லை. மகிழ்ச்சிதான். ஆனால் குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் மலேரியா காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். உடம்பு எதிர்த்து நிற்பதற்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

ஆகவே தொழிலாளத் தோழர்களே, "ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்று காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்பாதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். காட்டோரத்தில் வேலை செய்வதைச் சொல்லி, ரத்தம் சோதிக்கக் கேளுங்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அது சலுகையல்ல, உங்கள் உரிமை.