மினுக்கத்தின் அடியில் இருப்பது

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கும் சித்திரை மாதம் முதல் ஐப்பசி வரையில் வந்துபோகும் அந்நிய தேசத்துப் பிரயாணிகளுக்கு, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ளேயே அமைந்த 'கரவன்' என்னும் வீட்டு வண்டிகளை வாடகைக்கு விட்டால் அம்பாறைக் கரையோரத்துக்கு நல்ல வருமானம் சேரும் என்று நம்முள் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை அறிவித்ததும், அதையொட்டிச் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் அடிச்சட்டத்தின் மேல் வீட்டு வண்டிகள் கட்டப்பட்டதும் இவர்களுக்கு முன்மாதிரி. யோசனையோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆயின் இதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் முதற்கேள்வி "எத்தனை அடி நீளம்?" என்பதாகவும், இரண்டாவது கேள்வி "உள்ளே ரீவி உண்டா?" என்பதாகவும் இருக்கக் காண்கையில், நாம் பிழையான முனையிலிருந்து தொடங்குகிறோமோ என்ற சந்தேகம் எழாமல் இல்லை.

நீளத்துக்கு உலகில் குறைவில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் மிகப் பெரிய வீட்டு வண்டிகள் 45 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் கொண்டவை. நிறை 20 தொன்னைத் தாண்டும். ஜெர்மனியின் வோல்க்னர் நிறுவனமோ வண்டியின் வயிற்றுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரையே நிறுத்திக்கொள்ளும்படி கட்டிக் கொடுக்கிறது. (வீட்டைக் கொண்டுபோகிறவனுக்குக் கார் எதற்கு என்று கேட்கக் கூடாது, பணமுள்ளவனின் தேவைகள் நமக்குப் புலப்படுவதில்லை.) ஆனால் இத்துறையில் பெயரெடுத்த கனேடிய நிறுவனமாகிய பிரெவோவின் பூர்வீகத்தைப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. அதை ஆரம்பித்த யூஜின் பிரெவோ, கியூபெக் மாகாணத்தில் தேவாலயத்துக்கு இருக்கைகளும் பாடசாலைக்குத் தளபாடங்களும் செய்துகொண்டிருந்த தச்சர், நம் பாஷையில் ஓடாவி. 1924ஆம் ஆண்டில் ஒரு லொறியின் அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் பஸ் உடல் ஒன்றைக் கட்டிக் கொடுத்ததே அவருடைய முதல் வாகன வேலை. மூட்டுப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பழகிய ஒரு கையிலிருந்து பிறந்த தொழில் அது.

நீளத்தை மட்டும் வியப்பவர்கள் நம்முடைய வீதிகளை மறந்துவிடுகிறார்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாகக் கல்முனையைத் தொட்டு மட்டக்களப்பில் முடியும் 400 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஏ4 நெடுஞ்சாலையில், பெரகலைக்கும் வெல்லவாயவுக்கும் இடையிலான மலைவளைவுகளில் 45 அடி வண்டியைத் திருப்ப முனையும் சாரதியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதைக் கடந்து வந்தவன், லகுகலைக் காட்டோரத்தில் அந்தியில் வீதியை மறித்து நிற்கும் யானைக்கு வழிவிட்டு அவ்வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டிய நிலைமையையும் சேர்த்து நினையுங்கள். பத்தடி அகலமுள்ள கடற்கரை ஒழுங்கைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவற்றைவிடப் பாரதூரமான சங்கதி நிறை. 400 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் 400 கிலோ; அதனுடன் மின்கலங்கள், குளிரூட்டி, பிரயாணிகள், அவர்களுடைய மூட்டைமுடிச்சு. அடிச்சட்டம் தாங்கக்கூடிய பாரத்தில் பெரும்பகுதியை வீட்டின் உடலே தின்றுவிட்டால், பின்னச்சுக்கு அப்பால் நீண்டு தொங்கும் வால் முன்சக்கரங்களின் பிடியைத் தளர்த்திவிட்டால், உள்ளே விரித்த சலவைக்கல் மேசை யாரைக் காப்பாற்றும்?

வாகனத்தின் தரத்தைக் கண்டறிய நம் ஊரார் வெளிநாட்டு நிபுணரைத் தேட வேண்டியதில்லை. சமையலும் படுக்கையும் தண்ணீர்த் தாங்கியும் கொண்டு பல நாட்கள் ஆழ்கடலில் தங்கும் நம்முடைய மீன்பிடிப் படகுகள் கடலில் ஓடும் கரவன்கள் அல்லாமல் வேறென்ன? அவற்றின் உடலும் வீட்டு வண்டியின் சுவரும் ஏறக்குறைய ஒரே பதார்த்தம்தான்: கண்ணாடி நார்ப்பாய், ரெசின், அவற்றுக்கு நடுவே பலகையோ நுரையோ. ரெசின் ஊறாமல் காற்றுக் குமிழ் தங்கிய இடத்தையும், திருகாணித் துளையால் ஈரம் புகுந்து ஒட்டுப்பலகை உளுத்த இடத்தையும் அனுபவமுள்ள படகுக்காரர் விரல் மடக்கித் தட்டியே சொல்லிவிடுவார். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாகப் பதில் சொல்லும். மலிவாகக் கட்டிய வீட்டு வண்டிகளுக்கு நேரும் முதல் நோயும் இதுவே. கூரை மூட்டிலும் ஜன்னல் ஓரத்திலும் கசியும் மழைநீர் சுவருக்குள் இறங்கிப் பலகையை அழுகச் செய்ய, மேற்தோல் கொப்புளம்போல் எழும்புகிறது. நிறுத்திய இடத்தில் பக்கச் சுவரையே வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஏற்பாடு விளம்பரத்தில் பார்க்க வெகு நேர்த்தி. அந்தச் சுவரைச் சுற்றிய இறப்பர் விளிம்போ முழுதும் மழைநீர் நுழைவதற்கான வாசல்.

நம் கரையில் இன்னொரு சத்துருவும் உண்டு: உப்புக்காற்று. இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை இடையில் காப்பு எதுவும் வைக்காமல் அறைந்தால், ஈரமும் உப்பும் சேர்ந்து இரண்டு உலோகங்களின் தொடுப்பிலே அரிப்பைத் தொடக்கிவிடும். தறையாணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூப்பது அதன் முதல் அறிகுறி. ஆகாய விமானத்தைப்போல அலுமினியத் தகட்டைத் தறைந்து, 1930களிலிருந்து இன்றுவரை இழுவை வீடுகளைச் செய்துவரும் அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பழைய வண்டிகளிலும், தளம் இரும்போடு சேரும் இடங்களே முதலில் கெடுவதாகப் பழுதுபார்ப்பவர்கள் சொல்வார்கள். அத்தனை பேர்பெற்ற வேலைப்பாட்டுக்கே அக்கதியென்றால், மருதமுனைக் கடற்கரையில் நிறுத்தப்படும் அவசர வேலை எத்தனை மாரி தாங்கும்?

தோலுக்கு அடியில் இருப்பது ஆளையே நோயாளியாக்கலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் வீடுகளை அள்ளிச் சென்றபின் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நாம் தகரக் கொட்டில்களில் வெந்துகொண்டிருந்தோம். மறு ஆண்டு கத்ரீனாச் சூறாவளியால் வீடிழந்த அமெரிக்கர்களுக்கோ அந்நாட்டு அரசு இலட்சத்துக்கும் மேற்பட்ட இழுவை வீடுகளை வாங்கிக் கொடுத்தது. நாம் அவர்களைப் பாக்கியசாலிகள் என்றே எண்ணியிருப்போம். ஆனால் அவற்றின் ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து கசிந்த போமல்டிஹைட் வாயு அளவுக்கு மிஞ்சியிருந்ததை 2008இல் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகளே பரிசோதித்து அறிவித்தார்கள்.

இனி, கரவனில் ஏறப்போகிறவர் சிலர். நம்மில் அநேகருக்குச் சக்கரத்தின் மேல் உறக்கம் என்பது கொழும்புக்குப் போகும் இரவு பஸ்தான். மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியும், கட்டுநாயக்காவில் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறப்போகிற பிள்ளையும், கடவுச்சீட்டுக்காகப் போகிற குடும்பமும் அதிலேதான் ஓர் இரவைக் கழிக்கிறார்கள். அந்தியில் வரிசையாக நிற்கும் அவ்வண்டிகளின் நீல ஊதா விளக்குகளும் கறுப்புக் கண்ணாடியும் திரைச்சீலையும் கண்ணைப் பறிக்கும். ஏறி உட்கார்ந்து, மாரிகால மழையில் ஊரைக் கடந்தால், குளிர்காற்று வரவேண்டிய துளையிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டும். ஒவ்வொரு குழிக்கும் தலைக்கு மேலே சாமான் தட்டு ஒரு முறை பதில் சொல்லும். ஆபத்து வாசல் எங்கே என்று தேடினால் அங்கே ஓர் ஆசனம் இருக்கும். இப்படியொரு வண்டியில் நானும் போயிருக்கிறேன், சொகுசுக் கட்டணம் கொடுத்தே. சாதாரணம், அரைச் சொகுசு, சொகுசு, அதிசொகுசு என்று நாம் வகுப்புப் பிரிக்கையில் குளிரூட்டியையும் ஆசனத்தையும் பற்றிப் பேசும் அளவுக்குச் சட்டத்தின் பற்றவைப்பையும் கூரையின் மூட்டையும் பற்றிப் பேசுவதில்லை. இந்தியாவில் பஸ் உடல் நிர்மாணத்துக்கென்றே ஏஐஎஸ் 052 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. பஸ் கட்டுமானத்துக்குப் பேர்போன கரூர்ப் பட்டறைகளும் அதற்கு அடங்கியே தொழில் செய்ய வேண்டும்.

ஆகவே, கரவன் வரட்டும். கழிவுநீரைப் பொத்துவில் களப்பில் திறந்துவிடாமல் இறக்குவதற்கு ஓர் இடம் முதலில் அமையட்டும். வண்டி 20 அடியோ 25 அடியோ போதும். பதிவு செய்வதற்கு முன் மூன்று காரியங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்: தண்ணீரும் ஆட்களும் சாமானும் நிறைத்து நிறுத்த நிறைச்சீட்டு, கூரைமேல் ஒரு மணி நேரம் நீர் பாய்ச்சி உள்ளே கையால் தடவிப் பார்க்கும் பரீட்சை, தகடு மூடுவதற்கு முன் எலும்புச் சட்டத்தை எடுத்த புகைப்படங்கள். இவற்றுக்கு ஒரு தராசும், ஒரு நீர்க்குழாயும், ஒரு கைபேசியும் போதும். சுற்றுலா வண்டிகள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாகாணங்களுக்கிடையிலான பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் இன்றிரவு புறப்படும் வண்டிகளில் இவற்றுள் முதலிரண்டையும் தொடங்கலாம்.